முதலீட்டு மோசடியில் ஏமாந்தவர்களைத் திட்டுவது நியாயமா?

'மாதம் 20 விழுக்காடு லாபம் என்றால் யோசிக்க வேண்டாமா, பேராசைதானே?' என்று கேட்டிருக்கிறீர்கள். கோபம் சரிதான், ஆனால் அது ஏமாற்றியவன் மேல் போகவேண்டிய கோபம்.

2017-இல் இங்கே மலேசியாவில், பினாங்கில், ஜேஜேபிடிஆர் என்ற முதலீட்டுத் திட்டம் சரிந்தபோதும் இதே பேச்சுதான். அந்நியச் செலாவணியில் மாதம் 20 விழுக்காடு என்றார்கள். ஏப்ரலில், கணக்கை ஹேக் செய்துவிட்டார்கள் என்று சொல்லிப் பணத்தை நிறுத்தினார்கள். பொதுவாக இந்த மாதிரித் திட்டங்களில் முதல் சில மாதம் பணம் ஒழுங்காக வரும். புதிதாகச் சேர்பவர் கட்டுவதையே பழையவருக்குக் கொடுப்பார்கள். கையில் காசு வந்தால் யார்தான் நம்பமாட்டார்கள்?

பட்டர்வொர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, கணவர் 55 வயதில் எடுத்த ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தை வேறொரு திட்டத்தில் போட்டார். சேர்த்துவிட்டது சொந்தக்காரர். ரசீதுகள் இன்னும் ஒரு மைலோ டின்னில் இருக்கின்றன. போலீஸில் புகார் கொடுக்கவே வெட்கப்பட்டார். நாம் திட்டத் திட்ட அந்த வெட்கம்தான் கூடுகிறது, மோசடிக்காரனுக்கு அதுதான் வசதி.

அப்புறம், பணம் இப்போதுதான் போனதென்றால் உடனே மோசடிப் புகாருக்கான 997 எண்ணை அழையுங்கள். கட்டுவதற்கு முன்பே மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலை வீட்டுப் பெரியவர்களுக்குத் திறந்து காட்டுங்கள். ஜேஜேபிடிஆரின் பெயர் சரிவுக்கு முன்பே அதில் இருந்தது.