டீமில் யாரும் வாய் திறப்பதில்லை. இரண்டு நாள் ஊட்டி டூர் கூட்டிப் போனால் சரியாகுமா?

ஆகாது. ஊட்டிக்குப் பக்கத்துக் கோத்தகிரிக்காரன் சொல்கிறேன்.

கோவையில் ஐ.டி. கம்பெனி, புதிதாக டீம் லீடர் ஆகியிருக்கிறீர்கள், மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், கடைசி நாளில்தான் வேலை முடியவில்லை என்றே தெரிகிறது, ஹெச்.ஆர். டூருக்குப் பணம் ஒதுக்குகிறது. இதுதான் நீங்கள் எழுதியிருப்பது. எழுதாத ஒன்றை நான் ஊகிக்கிறேன். உங்களுக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர் கத்துகிற ஆள். இல்லையென்றால் சந்தோஷம், ஆனால் எனக்கென்னவோ அப்படித்தான் படுகிறது.

தேயிலைத் தூள் செய்கிறவனுக்கு ஐ.டி. கம்பெனியைப் பற்றி என்ன தெரியும் என்று கமெண்டில் ஒருவர் வருவார். புரோகிராம் எழுதத் தெரியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஷிப்டுக்கு ஷிப்டு ஆள் மாறும் இடத்தில், எங்கள் மலையின் படுகு மொழி பேசுகிறவர், தமிழ் பேசுகிறவர், ஜார்க்கண்டிலிருந்து வந்த பையன்கள் எல்லோரையும் வைத்து வேலை வாங்கியிருக்கிறேன். ஆள் வாய் திறக்காதது எல்லா ஊரிலும் ஒரே காரணத்தால்தான்.

சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்கும் ஒரு தனியார் ஃபேக்டரியில் டீ மேக்கராகச் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். தயாரிப்பு முழுக்க டீ மேக்கர் பொறுப்பு. இலையை நீளமான தொட்டியில் பரப்பி பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வாட விட வேண்டும், அப்புறம் இலையை நசுக்கி நறுக்கும் சி.டி.சி. ரோலர், நறுக்கியதைக் காற்றில் வைத்து நிறம் மாற விடும் புளிப்பு, டிரையர், சல்லடை. நாலு கிலோ இலைக்கு மேல் போட்டால் ஒரு கிலோ தூள். நான் போனபோது அங்கே ஒரு வியாதி இருந்தது. குன்னூர் ஏலத்துக்குப் போகும் சரக்கில் சில இன்வாய்ஸ்களுக்கு மட்டும் (ஏலத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு தொகுப்புக்கும் இன்வாய்ஸ் என்று பெயர்) 'புகை வாசம்' என்று ஏல புரோக்கரின் ரிப்போர்ட் வரும். விலை கிலோவுக்குப் பத்து ரூபாய் வரை இறங்கும். எது, ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. அதாவது, தெரியவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள்.

மேனேஜர் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்து "யாருடா?" என்று கேட்டிருக்கிறார். விறகு போடுகிறவரைக் கேட்டிருக்கிறார், புளிப்பு பார்க்கிறவரைக் கேட்டிருக்கிறார். எல்லோரும் தரையைப் பார்த்திருக்கிறார்கள்.

நான் சில ராத்திரி டிரையர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கேள்வி எதுவும் கேட்கவில்லை. டிரையர் அண்ணனே ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார்: "ஈர விறகு போட்டா வர்ற காத்துல கண்ணு எரியும் சார்." ஹீட்டர் டியூபில் விரிசல். அடுப்பின் புகை குழாய்க்குள்ளேயே போக வேண்டும், சுத்தமான காற்று வெளியே சூடாக வேண்டும். விரிசல் இருந்தால் ஃபேன் புகையையும் சேர்த்து இழுத்துத் தூளில் அடித்துவிடும். காய்ந்த விறகு போட்ட நாளில் தெரியாது, மழை நாளில் தெரியும். அவருக்கு இது பல மாதமாகவே தெரியும்.

ஏன் சொல்லவில்லை? அதற்கு முந்தின சீசனில் ஒருவர் ரோலரில் சத்தம் மாறுகிறது என்று மெஷினை நிறுத்தியிருக்கிறார். எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கியதோடு, மெஷின் நின்ற நேரத்தை அவருடைய ஓவர்டைமில் கழித்திருக்கிறார்கள். மறுநாள் பேரிங் போனது உண்மை. கழித்த காசு திரும்பி வரவில்லை என்பதும் உண்மை. அதைப் பார்த்த பிறகு எவன் வாயைத் திறப்பான்?

மேனேஜரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பழுது என்று சொல்லி மெஷினை நிறுத்துகிறவருக்குக் காசு கழிக்கக் கூடாது, சொன்னது தப்பாகவே இருந்தாலும். மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. புகை இன்வாய்ஸ்களில் போன பணத்தையும் விரிசலை அடைக்கும் வெல்டிங் கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டிய பிறகு சம்மதித்தார். அதன்பின் யாராவது பழுது சொன்னால் நான் முதலில் கேட்பது "எப்போதிலிருந்து?" என்றுதான். யார் என்பது பெரும்பாலும் தேவையே படவில்லை.

பெங்களூரில் இருக்கும் என் மகளிடம் இதைச் சொன்னபோது, இதற்கு ஆராய்ச்சியே இருக்கிறதப்பா என்று ஒரு கட்டுரை அனுப்பினாள். ஏமி எட்மண்ட்சன் என்பவர் 1990-களில் அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல டீமில் தவறு குறைவாக இருக்கும் என்று நினைத்துப் போனவருக்குக் கணக்கு தலைகீழாக வந்தது. நல்ல டீம்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அங்கே தவறு நடந்தால் மறைக்காமல் சொன்னார்கள், அதுதான் காரணம் என்று முடிவுக்கு வந்தார். பின்னால் கூகுள் 2012-இல் ஆரம்பித்து தன் டீம்கள் சுமார் 180-ஐ அலசியபோதும், டீமில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைவிடப் பயமில்லாமல் பேச முடிகிறதா என்பதே முக்கியம் என்று வந்ததாம். டிரையர் அண்ணனைக் கேட்டிருந்தால் கூகுளுக்குச் செலவு மிச்சம்.

டூர் விஷயத்தில் எனக்கு இருக்கும் கோபம் வேறு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே கலர் டீ-ஷர்ட்டில் இருபது பேர், தேயிலைத் தோட்டத்துக்குள் இறங்கி கயிறு இழுக்கும் போட்டி. அந்தத் தோட்டம் யாருடையது என்று கேட்பதில்லை. இந்த மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, ஆனாலும் செடிக்கு அடியில் பாட்டில் கிடக்கும். மே மாதத்தில் ஏறுவதற்குக் குன்னூர் வழி, இறங்குவதற்குக் கோத்தகிரி வழி என்று போலீஸ் பிரித்துவிடுவதால், ஊட்டியிலிருந்து இறங்கும் மொத்தக் கூட்டமும் எங்கள் வாசல் வழியாகத்தான் போகும். டயாலிசிஸுக்குக் கோவை போகிறவர்களும் அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும். கூட்டத்தைக் கட்டுப்படுத்த 2024 மே மாதம் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது, 2025 ஏப்ரலிலிருந்து வார நாளில் ஒரு நாளைக்கு 6000 வண்டி, சனி ஞாயிறில் 8000 என்று உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. சுற்றுலாவை நம்பிப் பிழைப்பவர்கள் என்னைத் திட்ட வேண்டாம், என் தம்பியே டாக்சி ஓட்டுகிறான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பயம் போனால் மட்டும் ஈடுபாடு வந்துவிடாது. தாங்கள் செய்த தூள் என்ன விலைக்குப் போனது என்றே எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. ருசி பார்ப்பது ஆபீஸ் ரூமில், மேனேஜரும் டீ மேக்கரும் மட்டும். அந்த மேஜையைச் சல்லடை ரூமுக்கு வெளியே போடச் சொன்னேன். காலையில் முந்தின நாள் சாம்பிளை ஊற்றி வைத்தால் யார் வேண்டுமானாலும் ருசிக்கலாம். சல்லடை போடும் அக்கா ஒருவருக்கு என்னைவிட நல்ல நாக்கு. "இது பச்சை வாடை அடிக்குது, புளிப்பு பத்தலை" என்று முகத்தைச் சுளிப்பார், பெரும்பாலும் சரியாக இருக்கும். வியாழன், வெள்ளி ஏலம் முடிந்ததும் எந்த இன்வாய்ஸ் என்ன விலை என்று போர்டில் எழுதினோம். "டீக் ஹை" (சரி) தவிர வேறெதுவும் பேசாத ஜார்க்கண்ட் பையன் ஒருவன் போர்டு முன்னால் நின்று, இந்த இன்வாய்ஸுக்கு மட்டும் ஏன் குறைச்சல் என்று கையைக் காட்டிக் கேட்டான்.

உடனே மேனேஜர், நல்ல விலை வாங்கும் ஷிப்டுக்குப் பரிசு தரலாம் என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மழையில் நனைந்த இலை எந்த ஷிப்டின் தலையில் விழுகிறதோ அவர்களுக்கு விலை குறையும், அது மேகம் செய்கிற வேலை. பரிசு வைத்தால் நல்ல இலை லாரிக்கு ஷிப்டுகளுக்குள் சண்டைதான் மிச்சம். உங்கள் கம்பெனியிலும் 'மாதத்தின் சிறந்த ஊழியர்' போட்டோ மாட்டும் வழக்கம் இருந்தால், மற்றவர்கள் அதை எப்படிப் பார்க்கிறார்கள் என்று கவனியுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது: முந்தின லீடர் காலத்தில் உண்மையைச் சொல்லி அடி வாங்கியவர் யார் என்று தேடிப் பாருங்கள், அவர் அந்த டீமில்தான் இருப்பார். அவருக்கு நடந்ததைச் சரி செய்ய முடிந்தால் எல்லோருக்கும் தெரியும்படி செய்யுங்கள். மீட்டிங்கில் உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். செய்த வேலையை வாடிக்கையாளர் எப்படிப் பயன்படுத்துகிறார் என்று அவர்களே பார்க்க வழி செய்யுங்கள்.

"சம்பளத்தைக் கூட்டு, எல்லாம் தானாக வரும்" என்றும் சிலர் எழுதுவார்கள். அதில் பாதி உண்மை. அந்த டிரையர் அண்ணன் இப்போது திருப்பூரில் ஒரு டையிங் யூனிட்டில் பாய்லர் பார்க்கிறார். கூலி அங்கே அதிகம். ஏலத்தில் விலை விழுந்திருந்த வருஷம் அது, கூட்டித் தருகிறேன் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, கேட்டுப் பார்த்ததற்கு மேனேஜரும் கைவிரித்துவிட்டார்.