நிலவைச் சுற்றி வட்டம்: கேள்வி பதில்

கேள்வி: சார், போன பௌர்ணமிக்கு நிலாவைச் சுற்றிப் பெரிய வட்டம் தெரிந்தது. நேற்று நிலாவை ஒட்டியே சின்னதாக ஒன்று. இரண்டும் ஒன்றுதானா?

பதில்: இல்லை, வேறு வேறு. முதலில் அளந்து பாருங்கள். கையை முழுதாக நீட்டி விரல்களை அகல விரித்து, கட்டைவிரல் நுனியை நிலாமேல் வையுங்கள். சுண்டுவிரல் நுனி ஏறக்குறைய 20 டிகிரி தள்ளி நிற்கும். வட்டம் அந்த இடத்தை ஒட்டி ஓடினால் அது 22 டிகிரி வளையம். உயரத்தில் அறுகோணப் பனிப்படிகங்கள் மிதக்கின்றன என்று பொருள். இரண்டு மூன்று விரல் அகலத்துக்குள் முடிந்துவிட்டால் அது பெரும்பாலும் நீர்த்துளிகளின் வேலை. நிறத்தையும் பாருங்கள். பெரிய வளையத்தில் உள்விளிம்பு சிவக்கும், சின்னதில் வெளிவிளிம்பு சிவக்கும்.

கேள்வி: அது ஏன் எப்போதும் 22?

பதில்: படிகத்தின் ஒரு பக்கத்தில் நுழையும் ஒளி, இடையில் ஒரு பக்கம் விட்டு அடுத்த பக்கத்தின் வழியாக வெளியேறுகிறது. அந்த இரண்டு பக்கங்களுக்கும் இடைக்கோணம் 60 டிகிரி. பனிக்கட்டியின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை அது எவ்வளவு வளைக்கும் என்பதைக் காட்டும் அளவு, 1.31. இந்த இரண்டையும் வைத்துக் கணக்கிட்டால் ஒளி குறைந்தது 21.8 டிகிரியாவது திரும்பியாக வேண்டும். படிகங்கள் எல்லாப் பக்கமும் சாய்ந்து கிடப்பதால் ஒளி அந்தக் கோணத்தில்தான் அதிகம் குவிகிறது. அதற்கும் குறைவாகத் திரும்பும் ஒளியே இல்லாததால், வளையத்தின் உட்பகுதி வெளி வானத்தைவிடக் கருத்துத் தெரியும்.

கேள்வி: நம்ம ஊர் வெயிலுக்குப் பனிப்படிகம் எங்கிருந்து வந்தது?

பதில்: தரையில்தான் வெயில். 10 கிலோமீட்டர் உயரத்தில் மைனஸ் 30 டிகிரிக்கு அருகில் இருக்கும், சித்திரையிலும்கூட.

கேள்வி: "எட்ட வட்டம் கிட்ட மழை, கிட்ட வட்டம் எட்ட மழை" என்பார் எங்கள் தாத்தா. நம்பலாமா ஐயா?

பதில்: கவனித்துச் சொன்ன சொல் அது, தள்ளிவிடாதீர்கள். எட்ட வட்டம் என்பது இந்த 22 டிகிரி வளையம். அதை உண்டாக்குவது சிர்ரோஸ்ட்ராட்டஸ் என்ற மெல்லிய உயர்மேகத் திரை. நம் பக்கம் அந்தத் திரை பெரும்பாலும் இடிமேகங்களின் உச்சியிலிருந்து பரவி வரும். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் இருந்தால் அதன் மேற்பகுதியிலிருந்து வெகுதூரம் விரிந்தும் வரும். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் எட்ட வட்டம் கண்டால் வானிலை அறிக்கையைப் பாருங்கள். மாசி, பங்குனியில் திரை பலமுறை மழையின்றியே கலைந்துவிடும். வட்டத்தோடு நிறுத்தாமல் அடுத்த சில மணி நேரமும் பாருங்கள். திரை தடித்து, வட்டம் அழிந்து, நிலாவும் மங்கிக்கொண்டே போனால்தான் மழைக்கு வாய்ப்பு கூடும்.

கேள்வி: பிறை நிலாவுக்கு வட்டம் வராதா?

பதில்: வரும், கண்ணுக்கு எட்டாது. அரைநிலாவின் ஒளியே பௌர்ணமி ஒளியில் பத்தில் ஒரு பங்குதான். பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் நாலைந்து நாள்தான் நல்ல காலம். மார்கழிப் பௌர்ணமியில் நிலா நள்ளிரவில் நம் உச்சிக்கு அருகே ஏறுவதால் அடிவானம் மறைக்காமல் முழு வட்டமும் கிடைக்கும்.

கேள்வி: அண்ணா, போட்டோவில் பாதிதான் விழுகிறது.

பதில்: வட்டத்தின் குறுக்களவு 44 டிகிரி. முழுச்சட்டக் (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 35 மி.மீ. லென்ஸ் போதாது, 24 அல்லது அதற்கும் குறைவு வேண்டும். போனில் 1x போதும், ஜூம் செய்யாதீர்கள். முக்காலியில் வைத்து, நிலாவில் ஃபோகஸ் செய்து பூட்டுங்கள். லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஒளியுணர்திறன் ஐஎஸ்ஓ 800, ஷட்டர் நேரம் 2 முதல் 4 நொடி என்று தொடங்குங்கள். நிலா வெளுத்துப்போகும், போகட்டும். அதை ஒரு கம்பத்துக்குப் பின்னால் மறைத்தால் வட்டம் இன்னும் எடுப்பாக வரும். யூவி ஃபில்டரைக் கழற்றுங்கள், இல்லையென்றால் நிலாவின் பிம்பம் இன்னொரு இடத்திலும் விழும். பனி இறங்கும் இரவில் லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருங்கள், படிந்த ஈரம் தானே ஒரு பொய் வட்டம் போடும்.

கேள்வி: அம்மாவுக்கு மேகமே இல்லாத நாளிலும் வட்டம் தெரிகிறதாம். தெருவிளக்கைச் சுற்றியும் தெரிகிறதாம்.

பதில்: கண்ணாடி போடுபவர் என்றால் முதலில் அதைத் துடைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு கட்டைவிரலால் நிலாவை மட்டும் மறைக்கச் சொல்லுங்கள். வானத்து வட்டம் அப்படியே இருக்கும், கண்ணில் உண்டாவது மறைந்துவிடும். மறைந்தால் கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கண்புரையிலும் கண் அழுத்த நோயிலும் விளக்கைச் சுற்றி வட்டம் தெரியும். கூடவே கண்வலி, தலைவலி, வாந்தி இருந்தால் விடியும்வரை காத்திருக்காமல் அன்றிரவே போக வேண்டும்.