முகத்துக்கு வரும் பார்வை: உருவப்படம் குறித்த கேள்வி-பதில்

கேள்வி: பக்கவாட்டில் பார்க்கும் முகத்துக்கு எந்தப் பக்கம் இடம் விட வேண்டும்?

பதில்: அவர் பார்க்கும் பக்கம். பார்ப்பவரின் கண்ணும் அந்தத் திசையில்தான் நகரும்.

கேள்வி: மூன்றில் ஒரு பங்கு விதியை மீறலாமா?

பதில்: படத்தை நெடுக்கிலும் குறுக்கிலும் மூன்றாகப் பிரித்து, முக்கியமானதை நடுவில் வைக்காமல் அந்தக் கோடுகளில் வைக்கச் சொல்லும் விதி அது. காரணம் இருந்தால் தாராளமாக மீறலாம். ஸ்டீவ் மெக்கரி 1984இல் எடுத்த ஆப்கன் சிறுமியின் முகம் ஏறக்குறைய நடுவில்தான் இருக்கிறது. கண்கள் நேராக நம்மைப் பார்ப்பதால் பார்வை வேறெங்கும் போவதில்லை. 1946இல் ஆர்னால்டு நியூமன் எடுத்த ஸ்ட்ராவின்ஸ்கி படத்திலோ பியானோவின் கரிய மூடி பெரும்பகுதியை அடைத்துக்கொள்ள, இசைக்கலைஞர் கீழே இடது மூலையில் சிறிதாக அமர்ந்திருக்கிறார்; அந்த மூடியின் வடிவத்தைப் பார்த்து முடித்த கண் தானாகவே அவரிடம் வந்து சேர்கிறது. விதியை விட்டுவிட்டு ஓரத்தில் மின்கம்பத்தைச் சேர்த்துக்கொள்வது மீறல் அல்ல, கவனக்குறைவு. ஷட்டரை அழுத்துமுன் ஃபிரேமின் நான்கு ஓரங்களையும் பாருங்கள்.

கேள்வி: 85 எம்.எம். லென்ஸில் எஃப் 1.4 வைத்தால் ஒரு கண் மட்டுமே தெளிவாக விழுகிறது. லென்ஸில் கோளாறா?

பதில்: இல்லை. எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு, அதாவது அப்பர்ச்சர், பெரிதாகி, தெளிவாகப் பதியும் ஆழம் குறையும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் (35 எம்.எம். ஃபிலிம் அளவு சென்சார் கொண்டது), ஒன்றரை மீட்டர் தொலைவில், அந்த அப்பர்ச்சரில் தெளிவாகப் பதியும் ஆழம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். முகம் சற்றுத் திரும்பினாலே இரு கண்களும் அதற்குள் அடங்கா. விலை கொடுத்து வாங்கிவிட்டோம் என்பதற்காக அப்பர்ச்சரை எப்போதும் முழுவதும் திறந்து வைக்கும் பழக்கம் என்னை மிகவும் வருத்துகிறது. எனக்கு அனுப்பப்படும் திருமணப் படங்களில் மணமகளின் நெற்றிச்சுட்டி துல்லியமாக இருக்கிறது, இமைகள் மங்கிவிட்டன. ஜிமிக்கியும் தலையில் சூடிய பூவும் எது எதுவென்றே தெரியாமல் கரைந்துவிட்டன. அந்தப் பெண் நாளை தன் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டப்போகும் படம் அது. எஃப் 4 வைத்தால் ஏழெட்டு சென்டிமீட்டர் கிடைக்கும், அருகில் இருக்கும் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் முகம் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். பின்னணி மங்க வேண்டுமானால் ஆளைச் சுவரிலிருந்து மூன்று மீட்டர் முன்னால் நிறுத்துங்கள். மங்கினால் போதும் என்றும் நினைக்காதீர்கள்: தலைக்குப் பின்னால் எரியும் விளக்கு மங்கும்போது மறைவதில்லை, பெரிய ஒளிவட்டமாகப் பரவி முகத்திடமிருந்து கண்ணைப் பறித்துக்கொள்கிறது. இரண்டடி நகர்ந்து நின்றால் தீரும் சிக்கல் இது.

கேள்வி: நடுப்புள்ளியில் ஃபோகஸைப் பூட்டிவிட்டு, கேமராவைத் திருப்பி ஃபிரேம் அமைக்கலாமா?

பதில்: எஃப் 5.6இலும் அதற்கு மேலும் பாதகமில்லை. எஃப் 1.8இல், அதுவும் நெருங்கி நின்று, செய்யாதீர்கள். கேமரா திரும்பும்போது ஃபோகஸ் விழும் தெளிவுத் தளமும் சேர்ந்து திரும்பி, கண்ணுக்குப் பின்னால் போய் விழும். ஃபோகஸ் புள்ளியையே கண்ணுக்கு நகர்த்துங்கள்.

கேள்வி: என் படங்களில் ஏதோ குறைகிறது என்கிறார்கள். என்ன குறை?

பதில்: படத்தை அனுப்பவில்லை, லென்ஸ் எது என்று எழுதவில்லை, எவ்வளவு தொலைவில் நின்றீர்கள் என்றும் சொல்லவில்லை. இவற்றோடு மீண்டும் எழுதுங்கள். அதற்குள் நான்கு ஓரங்களையும் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வெள்ளை வேட்டி சட்டையில் இருக்கும் தாத்தாவைப் படமெடுத்தால் சட்டைதான் முதலில் கண்ணில் படுகிறது. ஃபோகஸ் கண்ணில்தான் இருக்கிறது.

பதில்: கவனித்துக் கேட்டிருக்கிறீர்கள். ஃபோகஸ் சரியாக இருந்தாலும், பிரேமில் மிக வெளிச்சமான இடம் பெரிதாக இருந்தால் கண் முதலில் அங்கேதான் போகும். அவரை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காரவைத்து, உடலை ஜன்னலிலிருந்து சற்று விலக்கி, முகத்தை மட்டும் ஒளியை நோக்கித் திருப்பச் சொல்லுங்கள். சட்டை நிழலுக்குள் போகும், முகம் மேலெழும், கருவிழியில் ஜன்னலின் ஒளிப்புள்ளியும் விழும். பிறகு மார்புக்கு மேல் நெருக்கமாக ஃபிரேம் அமைத்து, சட்டையின் மடிப்புகள் வெளுத்துப்போகாத அளவுக்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, குறைத்துக்கொள்ளுங்கள்.