இரண்டு ஐபி வரிசை கொடுத்தால் பிராட்காஸ்ட் டொமைன் இரண்டாகிவிடுமா?

கேள்வி இதுதான்: அலுவலகத்தில் 24 போர்ட் ஸ்விட்ச் ஒன்று இருக்கிறது, கணக்குப் பிரிவுக்கு 192.168.1 வரிசையிலும் மற்றவர்களுக்கு 192.168.2 வரிசையிலும் ஐபி கொடுத்தாயிற்று, ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகவில்லை, அப்படியானால் பிராட்காஸ்ட் டொமைன், அதாவது எல்லோருக்குமாக அனுப்பும் செய்தி போய்ச் சேரும் எல்லை, இரண்டாகப் பிரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. இப்போதும் ஒன்றுதான். பிங் போகாததற்குக் காரணம் வேறு. 192.168.1.10 கணினி 192.168.2.10க்கு எதையாவது அனுப்பப் போகும்போது தன் சப்நெட் மாஸ்க்கை (தன் ஐபி வரிசை எதுவரை என்று சொல்லும் எண்) பார்த்து, இது நம் வரிசை இல்லை, வெளி வரிசைகளுக்கு வழியாக இருக்கும் கேட்வேயிடம்தான் கொடுக்க வேண்டும் என்று தானாகவே முடிவு செய்துகொள்கிறது. கேட்வே இல்லை, அல்லது கேட்வேக்கு அந்த வரிசைக்கு வழி தெரியவில்லை, அதனால் பாக்கெட் கிளம்பிய இடத்திலேயோ கேட்வேயிலோ நின்றுவிடுகிறது. நடுவில் ஸ்விட்ச் எதையும் தடுக்கவே இல்லை. சாதாரண லேயர் 2 ஸ்விட்ச் ஒரு ஃபிரேமை (கேபிளில் போகும் தரவுப் பொட்டலம்) எங்கே அனுப்புவது என்று முடிவு செய்ய மேக் முகவரியை, அதாவது நெட்வொர்க் கார்டின் முகவரியை, மட்டும்தான் பார்க்கும், ஐபி எந்த வரிசை என்பதில் அதற்கு அக்கறையே கிடையாது.

நம்பிக்கை வரவில்லையென்றால் 2 வரிசையில் இருக்கும் ஒரு கணினியில் வயர்ஷார்க் என்ற நெட்வொர்க் கவனிப்பு மென்பொருளைத் திறந்து, ஒரு ஐபிக்கு உரிய மேக் முகவரியைக் கேட்கும் ஏஆர்பி மட்டும் தெரியும்படி வடிகட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பாருங்கள். "192.168.1.1 யாரிடம் இருக்கிறது? 192.168.1.10க்குச் சொல்லவும்" என்ற மாதிரி வரிகள் வந்துகொண்டே இருக்கும். அது கணக்குப் பிரிவின் கேள்வி, உங்களுக்குச் சம்பந்தமே இல்லை, ஆனாலும் உங்கள் கணினிவரை வந்து சேர்கிறது. ஏனென்றால் ஏஆர்பி கேள்வி போகிற ஃபிரேமில் பெறுபவர் முகவரியின் 48 பிட்டும் 1 ஆக இருக்கும். அதைப் பார்த்ததும் ஸ்விட்ச், வந்த போர்ட்டைத் தவிர மற்ற எல்லாப் போர்ட்டிலும் ஒரு நகலைத் தள்ளிவிடும். வேறொருவருக்கு வந்த சாதாரண ஃபிரேம் என்றால் நெட்வொர்க் கார்டே அதை ஒதுக்கிவிடும். பிராட்காஸ்ட்டை அப்படி ஒதுக்க முடியாது, உள்ளே வாங்கி, இயங்குதளம் பிரித்துப் பார்த்து, 'நமக்கில்லை' என்று தெரிந்த பிறகுதான் போடும். இப்படி ஒரு கணினி அனுப்பும் பிராட்காஸ்ட் எந்தெந்தக் கணினியில் போய் விழுகிறதோ அத்தனையும் சேர்ந்ததுதான் பிராட்காஸ்ட் டொமைன். இலக்கணம் இவ்வளவுதான், இதில் ஐபி எண்ணுக்கு வேலையே இல்லை.

இதைப் புத்தகத்தில் படிப்பதைவிட ஒரு கோளாறில் பார்த்தால் நன்றாக மனதில் பதியும். நான் நெட்வொர்க் பார்த்துக்கொண்ட ஒரு கல்லூரியில், ஒரு நாள் காலையில் ஒரே தளத்திலிருந்து வரிசையாகப் போன், நெட் வரவில்லை என்று. போய்ப் பார்த்தால் நாங்கள் கொடுக்கவே கொடுக்காத 192.168.0 வரிசை ஐபி சில கணினிகளில் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்துக் கணினி நன்றாக ஓடுகிறது, காரணம் அதை முந்தின நாள் அணைக்கவே இல்லை, பழைய ஐபி அப்படியே இருந்தது. நடந்தது என்னவென்றால், ஒருவர் வீட்டு வைஃபை ரவுட்டர் ஒன்றைக் கொண்டுவந்து, சுவர் சாக்கெட்டிலிருந்து வரும் கேபிளை அதன் லான் போர்ட்டில் செருகியிருக்கிறார். கணினி ஆன் ஆனதும் அதற்கு ஐபி கிடையாது, யாரிடம் கேட்பது என்றும் தெரியாது, அதனால் 0.0.0.0 என்ற முகவரியிலிருந்து 255.255.255.255க்கு ஒரு பிராட்காஸ்ட்டாக, எனக்கு ஒரு ஐபி கொடுங்கள் என்று கேட்கும் டிஹெச்சிபி கேள்வியை அனுப்பும். எங்கள் சர்வரும் பதில் சொல்லும், அந்தக் குட்டி ரவுட்டரும் சொல்லும், பொதுவாக எந்தப் பதில் முதலில் வருகிறதோ அதைத்தான் கணினி எடுத்துக்கொள்ளும்.

கண்டுபிடிக்கும் வழி எப்போதும் ஒன்றுதான்: பாதிக்கப்பட்ட கணினியில் கேட்வே என்ன என்று பார்த்து, அதன் மேக் முகவரியை ஏஆர்பி அட்டவணையில் எடுத்து, அந்த மேக் எந்தப் போர்ட்டில் தெரிகிறது என்று ஸ்விட்சில் தேடி, அந்தக் கேபிளைப் பிடித்துக்கொண்டே நடப்பது. ஆனால் நான் சொல்ல வந்த விஷயம் வேறு. அதே தளத்தில் ஒரு லேப் தனி விலானில் (ஸ்விட்சின் போர்ட்டுகளைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் அமைப்பு) இருந்தது, அங்கே ஒரு கணினிகூடப் பாதிக்கப்படவில்லை. கீழ்த்தளத்தில், பாதிக்கப்பட்ட கணினிகள் இருந்த அதே விலானில் இருந்த இரண்டு அறைகளுக்கும் பாதிப்பு போயிருந்தது. யார் யாருக்குப் போனது என்று குறித்தால் அதுவே அந்த பிராட்காஸ்ட் டொமைனின் வரைபடம்.

இன்னொன்று, அவர் அந்தக் கேபிளை அதே ரவுட்டரின் வான் போர்ட்டில் (இன்டர்நெட் கேபிளுக்கான துளை) செருகியிருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. பெட்டி ஒன்றுதான், துளைதான் வேறு. லான் போர்ட்டுகள் நான்கும் வைஃபையும் உள்ளுக்குள் ஒரு ஸ்விட்ச் போலச் சேர்ந்து ஒரே டொமைனாக இருக்கும். வான் போர்ட் மட்டும் ரவுட்டிங்குக்கு அந்தப் பக்கம், பிராட்காஸ்ட் அங்கே வந்து நின்றுவிடும்.

டொமைன் பெரிதாக இருந்தால் என்ன, இப்போதைய கணினிகள் தாங்காதா என்று கேட்பார்கள். அன்றாட ஏஆர்பி சத்தத்தைத் தாங்கும்தான். பயப்பட வேண்டியது லூப்புக்கு, அதாவது கேபிள்கள் வட்டமாகச் சேர்ந்துவிடுவதற்கு. ஐபி பாக்கெட்டில் டிடிஎல் என்று ஒரு எண் இருக்கிறது, ஒவ்வொரு ரவுட்டரிலும் குறைந்து கடைசியில் பாக்கெட் செத்துவிடும். ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி எதுவும் கிடையாது. ஒரு கேபிளின் இரண்டு முனையையும் தெரியாமல் ஒரே ஸ்விட்சில் செருகிவிட்டால், ஒரு பிராட்காஸ்ட் ஃபிரேம் சுற்றிச்சுற்றி வந்து ஒவ்வொரு சுற்றிலும் எல்லாப் போர்ட்டிலும் நகல் போட்டுக்கொண்டே இருக்கும். 1 ஜிகாபிட் லிங்க்கில் 64 பைட் ஃபிரேம்கள் நொடிக்குச் சுமார் 14.88 லட்சம் போக முடியும், அத்தனையையும் டொமைனில் உள்ள ஒவ்வொரு கணினியும் வாங்கிப் பார்த்தாக வேண்டும். இதைத் தடுக்கத்தான் 1985ல் கணினிப் பொறியாளர் ரேடியா பெர்ல்மன், லூப் உண்டாக்கும் போர்ட்டை ஸ்விட்சே அடைக்கும்படி செய்யும் ஸ்பானிங் ட்ரீயை உருவாக்கினார். அதுவும் முழுக் காப்பு இல்லை. 2002 நவம்பரில் பாஸ்டனின் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையில், அந்த ஸ்பானிங் ட்ரீ தாங்கும் அளவைத் தாண்டி ஸ்விட்சுகளைத் தொடுத்துக்கொண்டே போயிருந்ததால் நெட்வொர்க் விழுந்து, சில நாட்கள் மருத்துவர்கள் காகிதத்தில் எழுதி வேலை பார்க்க வேண்டியிருந்தது. டொமைனைச் சிறிதாக வைக்கச் சொல்வது இதற்காகத்தான், வேகத்துக்காக என்பதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம்.

சரி, உண்மையாகப் பிரிப்பது எப்படி? ரவுட்டர், அல்லது விலான். ஃபிரேம் எந்த விலானுக்கு உரியது என்று குறிக்கும் 802.1கியூ டேகில் விலான் எண்ணுக்கு 12 பிட், அதனால் 1 முதல் 4094 வரை பயன்படுத்தலாம். ஆனால் எண்ணை நம்பி ஏமாற வேண்டாம். இரண்டு ஸ்விட்சிலும் விலான் 10 இருக்கிறது, இடையில் அதைச் சுமக்கும் டிரங்க் (பல விலான்களை எடுத்துச் செல்லும் இணைப்பு) இல்லை என்றால் அவை இரண்டு தனித்தனி டொமைன். மாறாக விலான் 10ன் சாதாரண போர்ட் ஒன்றையும் விலான் 20ன் சாதாரண போர்ட் ஒன்றையும் ஒரு கேபிளால் இணைத்துவிட்டால், ஸ்பானிங் ட்ரீ போன்ற ஏதாவது பாதுகாப்பு அந்தப் போர்ட்டை அடைக்காத வரை, எண் எதுவாக இருந்தாலும் அவை ஒரே டொமைன்.

தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு: ரவுட்டரின் ஒவ்வொரு இன்டர்ஃபேசுக்கும் ஒன்று என்று எண்ணுங்கள், ஹப்பும் விலான் போடாத ஸ்விட்சும் எண்ணிக்கையைக் கூட்டாது, இரண்டு ரவுட்டருக்கு நடுவில் போகும் ஈதர்நெட் கேபிளும் ஒரு டொமைன்தான், அதைத்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். ஸ்விட்ச் ஒவ்வொரு போர்ட்டிலும் பிரிப்பது கொலிஷன் டொமைனை (ஒரே நேரத்தில் அனுப்பினால் ஃபிரேம்கள் மோதிக்கொள்ளும் எல்லை), அதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இனி உங்கள் அலுவலகம். இப்போதைய அமைப்பில் யாராவது தன் கணினியின் ஐபியைக் கையால் 192.168.1.50 என்று மாற்றிவிட்டால் அந்த நொடியே கணக்குப் பிரிவுக்குள் வந்துவிடுவார், தடுக்க ஒன்றுமில்லை. முதலில் அந்த ஸ்விட்ச் மேனேஜ்டு ஸ்விட்ச்தானா, அதாவது அமைப்புகளை மாற்றக்கூடியதா, என்று பாருங்கள், இல்லையென்றால் விலான் போட முடியாது, மாற்றித்தான் ஆக வேண்டும். இரண்டு விலான் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஐபி வரிசை, நடுவில் ரவுட்டர் அல்லது லேயர் 3 ஸ்விட்ச் (ரவுட்டர் வேலையும் செய்யும் ஸ்விட்ச்). அதைப் போட்டதும் இரண்டு பக்கமும் பிங் போக ஆரம்பித்துவிடும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம், பிராட்காஸ்ட் பிரிந்துவிட்டது, ரவுட்டிங் வேலை செய்கிறது என்றுதான் அதற்கு அர்த்தம்; யார் யாரை அணுகலாம் என்பதை ஆக்சஸ் லிஸ்ட்டோ ஃபயர்வாலோ வைத்துத் தனியாகக் கட்டுப்படுத்துங்கள். டிஹெச்சிபி சர்வர் ஒன்றே ஒன்று என்றால் ரவுட்டரில் ரிலே (டிஹெச்சிபி கேள்வியை அடுத்த பக்கத்து சர்வருக்குக் கடத்தும் அமைப்பு) போட வேண்டும், போடாவிட்டால் சர்வர் இல்லாத பக்கத்துக் கணினிகள் தாமே போட்டுக்கொண்ட, 169.254 என்று தொடங்கும் முகவரியோடு நிற்கும். அப்புறம், இதுவரை தானாகத் தெரிந்த பிரின்டர் அடுத்த விலானுக்குத் தெரியாமல் போகலாம், அதற்கு நிலையான ஐபி கொடுத்து ஒவ்வொரு கணினியிலும் அந்த ஐபியை வைத்தே சேர்த்துவிடுங்கள்.