ஒன்பது கடிதம் வேண்டாம், ஒன்று போதும்

கேள்வி: 1981 நூலக எரிப்பு, 1995 இடப்பெயர்வு, 2009 போர் முடிவு, 2022 பொருளாதார நெருக்கடி என்று எல்லாவற்றையும் கண்டவர்கள் நாங்கள். எங்கள் ஒழுங்கை வாய்க்கால் அடைபட்டு மாரிக்கு மாரி நாலு வீட்டுக்குள் வெள்ளம் வருகிறது. போன வருடம் ஆளுநர் முதல் கிராம அலுவலர் வரை ஒன்பது பேருக்கு எழுதினேன். ஒரு பதிலும் இல்லை. பிள்ளைகள் 'கனடாவுக்கு வாங்கோ' என்கிறார்கள். இனி என்ன நம்பிக்கையில் இங்கே எதையும் செய்வது?
(வாசகர் ஒருவர், வலிகாமம், யாழ்ப்பாணம்)

பதில்: நீங்கள் எண்ணிச் சொன்ன வருடங்களின் பாரத்தை என் பதில் எதுவும் இறக்கி வைக்காது. ஆனால் வாய்க்காலை அந்த வரிசையில் சேர்க்காதீர்கள். அதற்கு ஒரு நீளம் இருக்கிறது, ஒரு செலவு இருக்கிறது, பொறுப்பான ஓர் அலுவலகமும் இருக்கிறது. நம்பிக்கை வரட்டும், பிறகு செய்வோம் என்றிருந்தால் இரண்டும் நடக்காது.

ஒன்பது பேருக்குப் போன கடிதத்தை, மற்ற எட்டுப் பேரும் பார்ப்பார்கள் என்று ஒவ்வொருவரும் கோப்பில் போட்டுவிடுவார்கள். முதலில் அது யாருடைய வாய்க்கால் என்று உறுதி செய்யுங்கள். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்குரியவை. ஒழுங்கைகள் பெரும்பாலும் பிரதேச சபையுடையவை. உங்கள் வாய்க்கால் பெரிய வீதியின் மதகில் போய் முட்டினால் பொறுப்பு இரண்டு இடத்தில் இருக்கும். அந்த மதகில் நீங்களாகக் கைவைக்க வேண்டாம்.

பிறகு வெள்ளம் நிற்கும் இடத்திலிருந்து தண்ணீர் சேர வேண்டிய குளம் வரை நடந்து பாருங்கள். யாழ்ப்பாணம் தட்டையான நிலம். அடைப்பு பெரும்பாலும் வெள்ளம் நிற்கும் இடத்தில் இராது, கீழே எங்கோ இருக்கும். படலைக்கு முன்னால் மண் நிரவியவர், சின்னக் குழாய் வைத்து மூடியவர், மதிலை வெளியே தள்ளியவர் எல்லாரும் உங்கள் அயலவர்களாகவே இருக்கலாம். வேலை நின்றுபோவது பலமுறை அலுவலகத்தில் அல்ல, இந்த இடத்தில்தான். ஆகவே அவர்களோடு முதலில் முகம் பார்த்துப் பேசுங்கள்.

கடிதம் ஒரு பக்கம், ஒரு விடயம்: ஒழுங்கையின் பெயர், எங்கிருந்து எங்கு வரை, அடைபட்ட இடங்களின் படம், பாதிக்கப்பட்ட வீடுகளின் கையொப்பம். சபைச் செயலாளருக்குக் கொடுத்து, உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். வட்டார உறுப்பினருக்கு ஒரு பிரதி.

ஒரு மாதம் பதில் இல்லையா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. "ஏன் துப்புரவாக்கவில்லை?" என்று கேட்டால் வெறும் விளக்கம்தான் வரும். பதிவேட்டைக் கேளுங்கள்: இந்த வாய்க்கால் கடைசியாகத் துப்புரவாக்கப்பட்ட திகதி, இவ்வருடம் உங்கள் வட்டாரத்தில் வடிகாலுக்கு ஒதுக்கிய தொகை, அதில் செலவானது. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அந்த அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அங்கும் தீராவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. உறுப்பினரில் முக்கால்வாசிப் பேராவது பிரசைகளாக இருக்கும் அமைப்பும் கேட்கலாம் என்பதால், விண்ணப்பத்தைச் சனசமூக நிலையத்தின் பெயரில் போடுங்கள். தனி ஆளைச் சலிக்க வைப்பது சுலபம்.

சிரமதானம் செய்வதானால் குளப் பக்கத்திலிருந்து மேல் நோக்கி வாருங்கள். மேலே தொடங்கினால் வெட்டிய சேறு கீழே போய் அடைக்கும். வெட்டியதைக் கரையில் குவித்தால் முதல் மழையே திருப்பிக் கொண்டுவந்து போடும். அள்ளிப்போக லான்ட்மாஸ்டரும் (இருசக்கர உழவு இயந்திரம்) அதன் இழுவைப் பெட்டியும் ஒழுங்கு செய்த பிறகே மண்வெட்டியை எடுங்கள். வெறுங்காலோடு இறங்கவே கூடாது. சேற்றுத் தண்ணீரில் தொற்றும் எலிக்காய்ச்சல் 2024 டிசம்பரில் யாழ் மாவட்டத்தில் உயிர்களைக் கொண்டுபோனது. பூட்ஸ் போடுங்கள், தடுப்பு மாத்திரை தேவையா என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

வரும் பதில் எதுவானாலும், மறுப்பானாலும், நிலையத்தின் அறிவித்தல் பலகையில் ஒட்டுங்கள். தொகை ஒதுக்கப்படவில்லை என்று வந்தால் அதுவும் உங்களுக்குப் பயன்தான். அடுத்த வருட வரவு செலவுத் திட்டத்துக்கு உறுப்பினரிடம் கொண்டுபோக ஓர் எழுத்து கையில் இருக்கும்.

கனடாவா இங்கேயா என்பது உங்கள் முடிவு. கடிதத்தை மட்டும் ஆவணியிலேயே கொடுத்துவிடுங்கள். ஐப்பசி மழை விழுந்த பிறகு சபையின் ஆட்களும் இயந்திரமும் ஏற்கெனவே வெள்ளம் நிற்கும் இடங்களுக்குத்தான் ஓடும்.