ஊருக்குள் பெண்களுக்கான டெக் சந்திப்பு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கோவையில் ஏழு வருடமாக மாதம் ஒரு சந்திப்பு நடத்திக்கொண்டிருக்கிறேன். ஐ.டி.யில் வேலை பார்க்கிற பெண்கள், வேலையை விட்டுவிட்டுத் திரும்ப வர நினைக்கிறவர்கள், இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்கள் என எல்லோரும் வருவார்கள். உங்கள் ஊரிலும் தொடங்க நினைத்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் எழுதுகிறேன்.

திருச்சி, டெஸ்டிங் வேலையில் இருப்பவர்: முதல் சந்திப்புக்கு 40 பேர் பெயர் கொடுத்தார்கள், வந்தது 9 பேர். நம் ஊர்ப் பெண்களுக்கு ஆர்வம் இல்லையோ என்று தோன்றுகிறது.

ஆர்வம் இல்லாதவர் பெயரே கொடுத்திருக்க மாட்டார். வராத 31 பேருக்கும் போன் செய்து பேசுங்கள். ஏன் வரவில்லை என்று கேட்காமல், எப்படி வைத்திருந்தால் வந்திருப்பீர்கள் என்று கேளுங்கள், பதில் வேறு மாதிரி வரும். எங்கள் மூன்றாவது சந்திப்புக்குப் பிறகு நான் இதைச் செய்தேன். ஞாயிறு காலை 10 மணிக்கு வைத்திருந்தோம். கறி எடுத்துச் சமைப்பது, வாரத் துணி முழுவதும் துவைப்பது, விருந்தாளிகளைக் கவனிப்பது எல்லாம் வந்து விழுகிற நேரம் அதுதான் என்று பாதிப் பேர் சொன்னார்கள். சனிக்கிழமை மதியம் இரண்டரைக்கு மாற்றினோம், 5 மணிக்கு முடித்துவிடுவோம்.

ஆனால் என்னைத் தூங்கவிடாத பதில் இன்னொன்று. ஒரு பெண் வந்திருக்கிறார். கட்டட வாசலில் பலகை எதுவும் இல்லை, படிக்கட்டு இருட்டு, கீழே நாலு பேர் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்கள், மாடியில் யார் இருக்கிறார்கள் என்றும் தெரியவில்லை. பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். நாங்கள் மேலே உட்கார்ந்து கூட்டம் குறைவாக இருக்கிறதே என்று பேசிக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து, கூட்டம் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து, தொடங்கிய பிறகு அரை மணி நேரம் ஆகும்வரை, கையில் பலகையோடு எங்களில் ஒருவர் வாசலில் நிற்கிறார். இன்றுவரை ஒரு மாதம்கூட இதை விட்டதில்லை.

மதுரை, கல்லூரி விரிவுரையாளர்: இடம் எப்படிப் பார்ப்பது? கம்பெனி அலுவலகமா, கல்லூரியா, நூலகமா?

எதுவானாலும் முதலில் கழிப்பறையைப் போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள் விழுகிறதா, தண்ணீர் வருகிறதா, மூடியுள்ள குப்பைத் தொட்டி இருக்கிறதா? ஒரு பாக்கெட் நாப்கின் வாங்கிக் கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள், கேட்டு வாங்குகிற நிலை வேண்டாம். அடுத்தது பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசம், பிறகு திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அப்படியே. அந்த பஸ் நிற்கிற இடத்திலிருந்து நடக்கிற தூரத்தில் இடம் பிடித்தால் வேலை இல்லாதவர்கள்கூடக் காசு பற்றி யோசிக்காமல் வருவார்கள். ஆட்டோவுக்கு 150 ரூபாய் கொடுத்து வர வேண்டிய இடம் என்றால் வாடகை மிச்சமானாலும் எடுக்காதீர்கள்.

கம்பெனி அலுவலகம் வசதிதான், ஏ.சி., புரொஜெக்டர் எல்லாம் இருக்கும். ஆனால் வாசலில் வருகைப் பதிவேடு இருக்குமே, அதில் 'நிறுவனம்' என்று ஒரு கட்டம். ஆறு வருடம் ஜாவா புரோகிராமராக வேலை பார்த்துவிட்டுக் குழந்தைக்காக விட்ட ஒருவர் அந்தக் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டே நின்றதை நான் பார்த்தேன். பின்னால் வரிசை. கடைசியில் கணவர் கம்பெனியின் பெயரை எழுதினார். இப்போது பெயர்ப் பட்டியலை முன்கூட்டியே செக்யூரிட்டியிடம் கொடுத்துவிடுகிறோம், எல்லோருக்கும் நிறுவனம் என்ற இடத்தில் எங்கள் குழுவின் பெயர்தான்.

ஈரோடு, மூன்றாம் ஆண்டு மாணவி: வீட்டில் விடமாட்டார்கள், ஹாஸ்டலில் அவுட்பாஸ் தரமாட்டார்கள். என்ன செய்வது?

இது உங்கள் பிரச்சினை இல்லை தங்கச்சி, நடத்துகிறவர்கள் தீர்க்க வேண்டியது. அதனால் நடத்துகிறவர்களுக்குச் சொல்கிறேன்: அப்பாவிடம் காட்டுவதற்கென்றே தமிழில் ஒரு போஸ்டர் போடுங்கள். எங்கே, யார் நடத்துகிறார்கள், எத்தனை மணிக்கு முடியும், ஒரு பெண்ணின் போன் நம்பர், இவ்வளவு போதும். 'நெட்வொர்க்கிங்' என்று போட்டால் வீட்டில் யாருக்கும் ஒன்றும் புரியாது. 'கம்ப்யூட்டர் துறைப் பெண்கள் சந்திப்பு, பயிற்சி இலவசம்' என்று போடுங்கள். ஹாஸ்டல் வார்டனுக்கு நாலு நாள் முன்னதாகக் கடிதம் கொடுங்கள். அம்மாவும் கூட வரலாம் என்று சொல்லுங்கள். எங்களிடம் இரண்டு அம்மாக்கள் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து முழுதும் பார்த்தார்கள், டீ குடித்தார்கள். அடுத்த மாதம் பிள்ளைகள் தனியாக வந்தார்கள். முக்கியமானது, 5 மணி என்று சொன்னால் 5 மணிக்கு முடித்துவிடுங்கள். ஒரு தடவை ஆறேகால் ஆகிவிட்டால் அந்தப் பெண்ணுக்கு அடுத்த முறை அனுமதி கிடைக்காது.

சென்னை, இரண்டு வயதுக் குழந்தையின் அம்மா: குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தால் முகம் சுளிப்பார்களோ?

போஸ்டரிலேயே 'குழந்தையோடு வரலாம்' என்று எழுதினால்தான் அம்மாக்கள் வருவார்கள், மனதுக்குள் வைத்திருந்தால் போதாது. கூட்ட அறைக்குப் பக்கத்திலேயே ஒரு ஓரம், பாய், கிரேயான், பால் கொடுக்கத் திரை போட்ட இடம். பார்த்துக்கொள்ள ஒருவருக்குச் சம்பளம் கொடுத்து வையுங்கள், வருகிற கல்லூரிப் பெண்களையே அதற்கு உட்காரவைக்காதீர்கள், அவர்களும் கற்றுக்கொள்ளத்தானே வருகிறார்கள். இன்னொன்று, 2017-ல் வந்த சட்டத் திருத்தத்திலிருந்து 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். இடம் கொடுக்கிற கம்பெனியிடம் சனிக்கிழமை அதைத் திறந்துவிட முடியுமா என்று கேளுங்கள்.

சேலம், பேக்கெண்ட் டெவலப்பர்: ஆங்கிலத்தில் நடத்தினால்தான் தரமாக இருக்கும் என்கிறார்கள் எங்கள் குழுவில்.

தமிழில் நடத்துங்கள். ஏபிஐ, டேட்டாபேஸ், லூப் மாதிரித் துறைச் சொற்கள் எல்லாம் அப்படியே இருக்கட்டும், விளக்கம் தமிழில் வரட்டும். பன்னிரண்டு வரை தமிழ்வழியில் படித்து பி.இ. முடித்தவர்களுக்குப் புரோகிராம் புரியும், எழுதவும் வரும், ஆனால் நூறு பேர் முன்னால் ஆங்கிலத்தில் கேள்வி கேட்கச் சொன்னால் வாய் திறக்காது. கிட் (Git, புரோகிராமில் செய்கிற மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கருவி) பற்றிய ஒரு வகுப்பில் முக்கால் மணி நேரம் ஆங்கிலத்தில் ஓடியது, ஒரு கேள்விகூட இல்லை. பேசியவரைத் தமிழுக்கு மாறச் சொன்னேன். அடுத்த நிமிடம் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண், "மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வந்தா ரெண்டு பக்கமும் சரியா இருந்தா எதை வைக்கிறது அக்கா?" என்று கேட்டார். ஒரே வரியை இருவர் வேறு வேறாக மாற்றினால் வருகிற சிக்கல் அது. அறையில் பாதித் தலைகள் ஆடின. அந்தச் சந்தேகம் எனக்கே வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் இருந்தது. தமிழ் தெரியாதவர்கள் வந்திருந்தால் தொடக்கத்திலேயே கேட்டு, அவர்கள் பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இதோடு சேர்த்து ஒரு விதி. நியூயார்க்கில் புரோகிராமர்கள் சேர்ந்து கற்றுக்கொள்கிற இடமான ரிகர்ஸ் சென்டரில், தெரியாத ஒன்றைக் கேட்டவரிடம் ஆச்சரியப்படுவது போலக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். 'ஐயோ, இதுகூடத் தெரியாதா?' என்ற அந்த ஒரு வாக்கியத்துக்கு எங்கள் அறையிலும் இடமில்லை.

நாகர்கோவில், ஐ.டி. ஊழியர்: நான் ஆண். உதவ விரும்புகிறேன். வரலாமா?

வாருங்கள் தம்பி, வேலை இருக்கிறது. பெண்களுக்கு வலைத்தளம் உருவாக்கக் கற்றுத்தருகிற, 2014-ல் பெர்லினில் தொடங்கிய ஜாங்கோ கேர்ள்ஸ் பயிலரங்குகளில் மூன்று பேருக்கு ஒரு வழிகாட்டி என்ற கணக்கில் உட்காரவைப்பார்கள், கட்டணம் கிடையாது. பாடம் முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அந்தக் கணக்குக்கு 30 பேர் வந்தால் 10 வழிகாட்டிகள் வேண்டும், எல்லோரும் பெண்களாகக் கிடைக்க மாட்டார்கள். ஆனால் கீபோர்டில் கை வைக்காதீர்கள், தப்பாக அடித்தாலும் அவரே அடித்து அவரே திருத்தட்டும். மேடையையும் மைக்கையும் பெண்களிடம் விடுங்கள். நாற்காலி போடுவதும் டீ சொல்வதும் மீந்த பார்சலைக் கட்டுவதும் உங்கள் பங்கில் வரட்டும்.

பெயர் வேண்டாம் என்றவர்: பெண்கள் என்று போட்டிருக்கிறீர்கள். திருநங்கையான நான் வரலாமா?

வாருங்கள், உங்களுக்கும் சேர்த்துத்தான் நடத்துகிறோம். இப்படிக் கேட்க வேண்டி வந்ததே எங்கள் போஸ்டரின் குறைதான், அதனால் இப்போது 'திருநங்கைகள் உட்பட எல்லாப் பெண்களும்' என்று எழுதுகிறோம். பாலினம் தன்னைத்தானே அடையாளப்படுத்திக்கொள்ளும் உரிமை என்று 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, எங்கள் பதிவுப் படிவம் ஏன் சான்று கேட்க வேண்டும்? பேட்ஜில் நீங்கள் சொல்கிற பெயர்தான் வரும். இடத்தின் செக்யூரிட்டியிடமும் துப்புரவு அக்காவிடமும் முன்னாலேயே பேசிவைப்போம், வாசலில் யாரும் உங்களைக் கேள்வி கேட்கக் கூடாது என்பதற்காக.

வேலூர், குழு ஒருங்கிணைப்பாளர்: நடத்தை விதிகள் எல்லாம் நம் ஊருக்குத் தேவையா? எல்லோரும் தெரிந்தவர்கள்தானே.

தெரிந்தவர்கள் என்பதால்தான் தேவை. எங்கள் இரண்டாம் வருடத்தில் பேச வந்த ஒருவர், சுற்றுக்கு விட்ட வருகைத் தாளிலிருந்து ஒரு மாணவியின் நம்பரை எடுத்து ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ் அனுப்பத் தொடங்கினார். அந்தப் பெண் மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை, யாரிடம் சொல்வது என்று நாங்கள் எங்கேயும் எழுதிவைக்கவில்லை. அது எங்கள் தவறு. சொன்ன அன்றே அவரிடம் பேசி, இனி வர வேண்டாம் என்றோம். நல்ல பேச்சாளர், போய்விட்டாரே என்று சிலர் வருத்தப்பட்டார்கள். அந்தப் பெண் அடுத்த மாதமும் வந்தார், எனக்கு அது போதும்.

பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க வந்த 2013 சட்டம் அலுவலகங்களில் புகார்க் குழு அமைக்கச் சொல்கிறது. மாதம் ஒருமுறை கூடுகிற நமக்கு அப்படி ஒன்று தானாக அமைந்துவிடாது, நாம்தான் உருவாக்க வேண்டும். அரைப் பக்க விதி, இரண்டு பெண்களின் பெயரும் நம்பரும், தொடக்கத்தில் சத்தமாக வாசிப்பது. வருகைத் தாளைச் சுற்றுக்கு விடாதீர்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணக் குரூப்பில் சேர்த்தால் எல்லா நம்பரும் எல்லோருக்கும் தெரியும், கம்யூனிட்டியின் அறிவிப்புக் குரூப்பில் மற்ற உறுப்பினர்களுக்கு நம்பர் தெரியாது. போட்டோவுக்கும் இதே கவனம் வேண்டும், முகம் வேண்டாம் என்பவர்களுக்கு வேறு நிறப் பேட்ஜ் நாடா கொடுத்துவிடுங்கள்.

திருநெல்வேலி, டேட்டா அனலிஸ்ட்: பேச ஆள் கிடைப்பதில்லை. யார் பேசுகிறீர்கள் என்று கேட்டால் யாரும் கை தூக்குவதில்லை.

பொதுவில் கேட்காதீர்கள். தனியாகப் போய், "போன மாதம் அந்த எக்ஸெல் மேக்ரோ பற்றிச் சொன்னீர்களே, அதையே 7 நிமிடம் சொல்ல முடியுமா?" என்று கேளுங்கள். நான் கேட்டவர்களில் பெரும்பாலோர் முதலில் மறுத்தார்கள், ஒரு வாரம் கழித்துச் சரி என்றார்கள். முந்தைய நாள் போனில் ஒரு ஒத்திகை. பேச வருகிற பெண்ணிடம் வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள், அவர் எழுதிய புரோகிராமைப் பற்றிக் கேளுங்கள்.

புதுச்சேரி, தொழில்முனைவோர்: பணம்?

அறை இலவசமாக வாங்குங்கள், டீ, வடைக்கு உள்ளூர் நிறுவனங்கள் மூன்று நாலிடம் சிறிது சிறிதாகக் கேளுங்கள். ஒரே இடத்தை நம்ப வேண்டாம். 2011-ல் தொடங்கி உலகம் முழுவதும் கிளை விரித்த, டெக் துறைப் பெண்களுக்கான விமன் ஹூ கோட் அமைப்பே நிதி இல்லாமல் 2024 ஏப்ரலில் மூடுவதாக அறிவித்தது. அன்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் உட்கார்ந்து எங்கள் கணக்கைப் பார்த்தேன், ஒரு மாதத்துக்கு 2,000 ரூபாய்க்குள் முடிகிறது. அதை நாங்களே போட்டும் நடத்திவிட முடியும்.

தஞ்சாவூர், வேலை தேடுபவர்: நான் ஒரே ஆள். தொடங்கலாமா?

இன்னொருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் கூட்டம் நிற்கக் கூடாது, அதற்காகத்தான். ஆறு மாதத்துக்கான தேதிகளை இப்போதே குறித்துவிடுங்கள், ஐந்து பேர் வந்தாலும் நடத்துங்கள். முதல் சந்திப்பு ஏதாவது ஒரு சனிக்கிழமை என்றால் சொல்லுங்கள், கோவையிலிருந்து நான் வருகிறேன். வாசலில் பலகையோடு நிற்க ஒரு ஆள் வேண்டுமில்லையா.