ஆலயத்தின் வயதா, சபையின் வயதா? ஊர்ச் சபை வரலாறு எழுதுவோருக்குக் கேள்வி பதில்

பிரதிஷ்டைப் பண்டிகை (ஆலயம் அர்ப்பணிக்கப்பட்ட நாளின் விழா) மலருக்காகத் தங்கள் ஊர்க் கிறிஸ்தவச் சபையின் வரலாற்றை எழுதும் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து இளைஞர்கள் கேட்ட கேள்விகள் இவை. பழைய பதிவேடுகளைப் படித்துப் பழகிய அண்ணாச்சி ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: அண்ணாச்சி, கோயில் வாசல் கல்லுல 1891ன்னு இருக்கு. பெரியவங்க சபைக்கு இருநூறு வயசுங்கிறாங்க. எதைப் போடுறது?

இரண்டும் சரியாக இருக்கலாம் தம்பி. கட்டடத்தின் வயது வேறு, சபையின் வயது வேறு. பாளையங்கோட்டையில் 1780-ஆம் ஆண்டுப் பதிவிலேயே 40 கிறிஸ்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. குளோரிந்தா என்ற கிறிஸ்தவப் பெண்மணி அங்கே கட்டிய ஆலயமோ 1785-இல்தான் பிரதிஷ்டையானது. தரங்கம்பாடிக்கு ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு வந்தது 1706. முதல் எருசலேம் ஆலயம் 1707-இல் எழுந்தது. இன்று நாம் பார்க்கும் புதிய எருசலேம் ஆலயம் 1718-ஐச் சேர்ந்தது.

எனவே நான்கு ஆண்டுகளைத் தனித்தனியாகத் தேடுங்கள்: முதல் ஞானஸ்நானம், பனையோலை வேய்ந்த முதல் ஜெபவீடு, இப்போதைய ஆலயத்தின் அஸ்திவாரக் கல், பிரதிஷ்டை. மலர்களில் நான் அதிகம் பார்க்கும் பிழை, அஸ்திவார ஆண்டைப் பிரதிஷ்டை ஆண்டாக எழுதிவிடுவது. இடையன்குடியில் கால்டுவெல் ஆலய வேலையைத் தொடங்கியது 1847, பிரதிஷ்டை 1880. அங்கே இந்தப் பிழை செய்தால் 33 ஆண்டு தவறிவிடும்!

கேள்வி: எங்க கல்லுல எண்ணுக்குப் பதிலா எழுத்துதான் தெரியுது. 'அ', 'ச', 'எ' மாதிரி.

அவை தமிழ் எண்கள். ௮ என்றால் 8, ௪ என்றால் 4, ௭ என்றால் 7. நடுவில் வருபவை ௲ (ஆயிரம்), ௱ (நூறு), ௰ (பத்து). ௲௮௱௪௰௭ என்றிருந்தால் 1847. சுண்ணாம்பு பல தடவை அடித்திருந்தால் ௱, ௰ இரண்டும் மழுங்கி ஒன்றுபோலத் தெரியும். கம்பி பிரஷ், ஆசிட் எதுவும் வேண்டாம், எழுத்தே உதிர்ந்துவிடும். இருட்டிய பிறகு டார்ச் விளக்கைக் கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தானாக எழுந்து நிற்கும். இடமிருந்து ஒரு படம், வலமிருந்து ஒரு படம் எடுங்கள்.

ஆண்டு 1022 போலச் சிறியதாக இருந்தால் அது கொல்லம் ஆண்டு, கேரளத்திலும் நம் பக்கத்திலும் வழங்கிய பழைய ஆண்டுக் கணக்கு. ஆவணி முதல் மார்கழி நடுவரை 824, அதன்பின் ஆடி முடிய 825 கூட்டவேண்டும். கொல்லம் 1022 கார்த்திகை என்றால் 1846, அதே ஆண்டு மாசி என்றால் 1847.

கேள்வி: நாங்க சி.எஸ்.ஐ. சபை. ஆனா மணியில எஸ்.பி.ஜி.ன்னு பொறிச்சிருக்கே?

தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ., பிறந்தது 27.9.1947-இல். அதற்கு முன் நம் பகுதிச் சபைகள் பெரும்பாலும் எஸ்.பி.ஜி. அல்லது சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷனெரி சங்கங்களின் கீழ் இருந்தன. உங்கள் ஊர் எந்தச் சங்கம் என்று முதலில் உறுதி செய்யுங்கள். எஸ்.பி.ஜி. காகிதங்கள் ஆக்ஸ்போர்டிலும், சி.எம்.எஸ். காகிதங்கள் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திலும் உள்ளன. தூத்துக்குடி-நாசரேத் திருமண்டலம் (பேராயரின் கீழுள்ள சபைகளின் தொகுதி) திருநெல்வேலித் திருமண்டலத்திலிருந்து 2003-இல்தான் பிரிந்தது. ஆகவே அந்தப் பக்கத்துச் சபைகள் பாளையங்கோட்டையிலுள்ள திருநெல்வேலித் திருமண்டல அலுவலகத்திலும் விசாரிக்க வேண்டும்.

கேள்வி: ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரே பக்கத்தில் மூன்று ஞானமுத்து. எங்கள் தாத்தா யார்?

பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். தகப்பன் பெயர், குடியிருப்பு, தொழில் மூன்றும் பொருந்த வேண்டும். பெரியவர்கள் ஞானஸ்நானம் பெற்றிருந்தால் பழைய பெயரும் சில பதிவேடுகளில் இருக்கும், நிலப் பத்திரத்தோடு ஒப்பிட அதுதான் உதவும். பிறகு திருமணப் பதிவேட்டைத் திறந்து சாட்சிகளின் கையெழுத்தைப் பாருங்கள். சாட்சி பெரும்பாலும் சித்தப்பாவாகவோ தாய்மாமனாகவோ இருப்பார். குடும்பம் அங்கே பிடிபடும்.

1877, 1878-இல் பெரியவர்களின் ஞானஸ்நானம் திடீரென்று பெருகியிருந்தால் அதைப் பிழை என்று தள்ளாதீர்கள். தாது வருஷப் பஞ்சம் அது. அதே ஆண்டுகளின் அடக்கப் பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 'வாந்திபேதி' என்ற ஒரே சொல் வரிசையாகக் கீழே இறங்கி வரும். அந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்ட எனக்கு மனம் வருவதில்லை.

கேள்வி: காணிக்கைக் கணக்கில் ரூ. 3-8-6. மூன்று ரூபாய் 86 காசுதானே?

இல்லை. மூன்று ரூபாய், எட்டு அணா, ஆறு பை. ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 பை. இன்றைய கணக்கில் சுமார் 3 ரூபாய் 53 காசு. புதுக் காசு வந்தது 1957-இல். அதற்கு முந்தைய கணக்கு எதையும் தசமமாகப் படிக்கக் கூடாது. பக்கத்திலேயே 'கைப்பிடி அரிசி விற்ற வகையில்' என்று ஒரு வரி இருந்தால் விடாதீர்கள். உலையில் போடும் முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்த பெண்கள் கொடுத்த பணம் அது. ஆலயம் கட்டியவர்கள் என்று மலரில் மிஷனெரி பெயர் மட்டும் வருவதை மாற்ற இந்த வரி போதும்.

கேள்வி: பதிவேட்டில் சாதியும் எழுதியிருக்கு. மலரில் சேர்க்கலாமா?

சபை எப்படி உருவானது, யார் எங்கே உட்கார வைக்கப்பட்டார்கள் என்பதை மறைத்தால் அது வரலாறு ஆகாது. பொதுவாக எழுதுங்கள். ஆனால் இன்று வாழும் எந்தக் குடும்பத்தின் பெயரோடும் சேர்த்து அச்சிடாதீர்கள்.

கேள்வி: பழைய பதிவேடு உதிருது. லேமினேட் பண்ணிரலாமா?

வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது. செல்லோ டேப்பும் அப்படித்தான், சில ஆண்டுகளில் மஞ்சளாகிப் பசை மையைத் தின்றுவிடும். சேகரகுருவின் (பல சபைகள் சேர்ந்த சேகரத்தின் போதகர்) அனுமதியோடு, சபை ஊழியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பிளாஷ் இல்லாமல் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். வெற்றுப் பக்கத்தையும் அட்டையையும்கூட விடக்கூடாது. பதிவேட்டை முழுக்க விரித்து அழுத்தினால் தையல் விட்டுப் போகும். இருபுறமும் மடித்த துணியை முட்டுக் கொடுத்து, பாதி திறந்த நிலையிலேயே எடுங்கள். படங்களில் ஒரு பிரதி சேகர அலுவலகத்தில், இன்னொன்று வேறு ஊரில்.